நிழலில் வெள்ளை கலவாமை: ஒரு பழைய களஞ்சியத்தை நீர்வண்ணத்திலும் குவாஷிலும் தீட்டியது குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே கட்டடத்தைப் பார்த்துத் தீட்டிய இரண்டு ஓவியங்களைப் பற்றியது. இரண்டும் ஒரே அளவுத் தாளில், ஒரே கோணத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே வண்ணங்களைக் கொண்டு, மூன்று வார இடைவெளியில் நான் தீட்டியவை. முதலாவது கெட்டது, இரண்டாவது சில குறைகளோடு தேறியது. இரண்டுக்கும் இடையே மாறியது ஒன்றுதான். குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதை முதல் ஓவியத்தில் இடர் வந்த வேளையில் தீர்மானித்தேன். இரண்டாவதில் தூரிகையை நனைப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட்டேன். நீர்வண்ணத்தோடு குவாஷைச் சேர்த்துப் பழகுகிறவர்களில் பலர் அதைப் பிழை மறைக்கும் பூச்சாகவே முதலில் கையிலெடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஓர் ஓவியத்தை எந்த வழியாகக் கெடுக்கிறது என்பதை ஒரு முறையாவது அடியிலிருந்து நுனிவரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே இதை எழுதத் தூண்டியது.

கட்டடம்

அது கைவிடப்பட்ட ஒரு தானியக் களஞ்சியம். ஒழுங்கற்ற கற்களை அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள். முகப்பில் சுவருக்கு மேலே முகடு வரை முக்கோணமாக எழும் பகுதி மட்டும் செங்குத்தாக அறையப்பட்ட பலகைகள். அவற்றின் மேல் சுட்ட மண் ஓடு வேய்ந்த கூரை. முகப்பில் இருந்த இரட்டைக் கதவில் ஒன்று கீல் கழன்று சாய்ந்திருந்ததால், உள்ளிருட்டு ஒரு நீண்ட ஆப்பு வடிவில் வெளியே தெரிந்தது. பக்கச் சுவரில் கண்ணாடி உடைந்த சிறு சன்னல் ஒன்று. சுவரடி நெடுக உலர்ந்த புல், ஒரு மூலையில் கூரை வரை ஏறிய கொடி. காலை வெயில் இடப்புறமிருந்து முகப்பின் மேல் விழுந்தது. நீண்ட பக்கச் சுவர் முழுவதும் நிழலில் இருந்தது. வெயில்பட்ட முகப்புக்கும் நிழல்பட்ட பக்கச் சுவருக்கும் இடையே இருந்த அந்த வேறுபாடுதான் என்னை அங்கே உட்கார வைத்தது. ஓவியத்தின் பொருளும் அதுதான்.

பழைய கட்டடத்தை வரைகிறவர் அதன் சிதைவை அலங்காரமாகப் பார்த்தால் ஓவியம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு கோணலுக்கும் கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது; காரணம் தெரிந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும். முகடு நடுவில் தொய்ந்திருந்தது, ஏனெனில் கூரையின் எடையைத் தாங்கிய மரங்கள் தாங்கல் இல்லாத நடுப்பகுதியில் வளைந்துவிட்டன. ஆகவே ஓட்டு வரிசைகளும் அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும்; மேல் வரிசைகளில் வளைவு மிகுதியாகவும், சுவர் தாங்கும் இறவாரத்தை நெருங்க நெருங்கக் குறைவாகவும் இருக்க வேண்டும். முகட்டை மட்டும் வளைத்து ஓட்டு வரிசைகளை அளவுகோல் வைத்ததுபோல நேராக இழுத்தால் கூரை தொய்ந்ததாகத் தெரியாது, தவறாக வரைந்ததாகவே தெரியும். சுவரின் விரிசல் கதவு நிலைக்கு மேலுள்ள உத்தரத்தின் முனையிலிருந்து கிளம்பிச் சாய்வாக மேலேறியது. உத்தரம் இறங்கினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். காரை பெரும்பாலும் இரண்டு இடங்களில் பெயர்ந்திருந்தது: மண்ணின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சும் அடிப்பகுதியிலும், இறவாரம் உடைந்து மழைநீர் வழிந்த இடத்திலும்.

பலகைகளின் நிறத்தை நான் முதல் நாள் சரியாகப் பார்க்கவில்லை. பழைய மரம் என்றதும் கை பழுப்பை நோக்கிப் போகிறது. உண்மையில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பில் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சும் செல்லுலோஸ் இழைகள் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் கொள்கின்றன. இறவாரத்தின் நிழலில் ஒதுங்கியிருந்த பலகை நுனிகள் மட்டும் செம்பழுப்பாக இருந்தன. கீழே வரவர அவை வெளிறின. ஆணி அடித்த இடங்களுக்குக் கீழே துரு வழிந்த கோடுகள் இருந்தன. இந்த மூன்று செய்திகளும் சேர்ந்தால் பலகைகளுக்குத் தனியாக மர ரேகை வரைய வேண்டிய தேவையே இல்லை.

கோட்டோவியத்துக்கு அதிக நேரம் செலவிடவில்லை. கண்மட்டம் கதவுத் தாழ்ப்பாளின் உயரத்தில் இருந்ததால், அதற்கு மேலுள்ள கோடுகள் கீழ்நோக்கியும் கீழுள்ளவை மேல்நோக்கியும் சென்று மறைபுள்ளியில் கூடின. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தொடக்கத்தில் இருந்த நிழல் முடிவில் இருக்காது. எனவே முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் பென்சிலால் அடைத்துக்கொண்டு, அதன்பின் வெயில் எங்கே போனாலும் அந்த எல்லையை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தாளின் வெண்மையை 1 என்றும், கதவிடுக்கின் இருளை 10 என்றும் கொண்ட அளவில், வெயில்பட்ட முகப்பு 2, நிழல்பட்ட பக்கச் சுவர் 6 என்று ஓரத்தில் குறித்தேன். பின்னர் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க உதவியவை இந்த இரண்டு எண்களே.

முதல் ஓவியம்

தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, முழுவதும் பருத்தியாலான, மிதமான சொரசொரப்புடைய நீர்வண்ணத் தாள். அளவு 28 × 38 செ.மீ. நீர்வண்ணத்தில் யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), லைட் ரெட் (செங்கல் சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம் ஆகிய நான்கு மட்டும். குவாஷில் டைட்டானியம் வெள்ளை, துத்தநாக வெள்ளை, ஆக்கர் ஆகிய மூன்று. கட்டடத்தின் நிறங்கள் எல்லாம் மண்ணின் நிறங்களாக இருந்ததால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பசுமைகூட ஆக்கரும் அல்ட்ராமரைனும் கலந்ததில் கிடைத்தது. அந்தக் கலவைதான் காய்ந்த புல்லுக்கு நெருக்கமானதும்கூட.

வானமும் கூரையும் நன்றாகவே வந்தன. பக்கச் சுவரின் நிழலை அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலால் ஒரே வாஷாக, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சாகப் பூசினேன். அது பாதி காய்ந்திருந்தபோது சன்னலுக்குக் கீழே ஒரு துளி நீர் அதிகமுள்ள தூரிகை பட்டுவிட்டது. ஈரம் பின்னோக்கி ஓடி, ஓவியர்கள் காலிஃபிளவர் என்று சொல்லும் ஓரம் சுருண்ட கறையாகக் காய்ந்தது. சுவர் முழுவதும் நான் குறித்துக்கொண்ட 6ஐவிடச் சற்று அடர்த்தியாகவும் தோன்றியது.

இந்த இடத்தில்தான் தவறு தொடங்கியது. கறையை மறைக்க, டைட்டானியம் வெள்ளையை அதே சாம்பலில் கலந்து, பால் பதத்தில் சுவர் முழுவதும் பூசினேன். ஈரமாக இருந்தபோது நிறம் பொருந்தியது. காய்ந்ததும் வெளிறி, நீலம் கலந்த சுண்ணாம்புத் தூள் போல ஆனது. நிழலில் நிற்கும் சுவர் என்பது போய், பனி மூடிய சுவர் என்று ஆகிவிட்டது. அதற்கு வெம்மை கொடுக்க அதன்மேல் பர்ன்ட் சியன்னாவை மெல்லிய வாஷாக ஓட்டினேன்; கீழே இருந்த குவாஷ் கரைந்து எழுந்து சியன்னாவோடு கலந்து சேறானது. இப்போது நிழற்சுவரும் வெயில்சுவரும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் நின்றதால், வெயில்சுவரை இன்னும் பிரகாசமாக்க வெள்ளையும் ஆக்கரும் கலந்து அதன்மேல் பூசினேன். அதோடு தாளின் வெண்மை வண்ணத்தின் வழியே ஒளிர்ந்துகொண்டிருந்த ஒரே இடமும் மூடப்பட்டது. ஒரு துளி நீரை மறைக்கப் போய் அரை மணி நேரத்தில் ஓவியத்தின் இரண்டு முக்கியமான சுவர்களையும் இழந்தேன்.

மறுநாள் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். களத்தில் 2ஆகவும் 6ஆகவும் இருந்த சுவர்கள் தாளில் 3ஆகவும் 4ஆகவும் ஆகியிருந்தன. நான்கு படி வேறுபாடு ஒரு படியாகச் சுருங்கியிருந்தது. நிறம் எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும் இந்தச் சுருக்கத்துக்குப் பிறகு அங்கே வெயில் இருக்க முடியாது.

ஏன் இப்படி ஆயிற்று

நீர்வண்ணமும் குவாஷும் பகையான பொருள்கள் அல்ல. இரண்டிலும் நிறமியைப் பிணைப்பது கம் அராபிக் என்னும் வேலமரப் பிசின்தான். நீர்வண்ணத்தில் நிறமி மிக மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஒளி அதைக் கடந்து சென்று தாளில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. குவாஷில் நிறமி மிகுதி. வெள்ளையோ சில தயாரிப்புகளில் சுண்ணமோ சேர்ந்திருப்பதால் ஒளி தாளை எட்டுவதற்கு முன்பே சிதறித் திரும்பிவிடுகிறது. ஆகவே நீர்வண்ணத்தின் ஒளி தாளிலிருந்து வருகிறது, குவாஷின் ஒளி மேற்பரப்பிலிருந்து வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றெல்லாம் பிறக்கின்றன.

காய்ந்ததும் நிறம் ஏன் வெளிறியது என்பதற்கு, ஒரு பொருளுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்கள் விடை தருகின்றன. நீருக்கு அது 1.33, பிசினுக்கு ஏறத்தாழ 1.5, சுண்ணத்துக்கு ஏறத்தாழ 1.6, துத்தநாக ஆக்சைடுக்கு ஏறத்தாழ 2.0, வெள்ளையாகப் பயன்படும் ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஏறத்தாழ 2.7. துகளுக்கும் அதைச் சூழ்ந்திருப்பதற்கும் இடையே இந்த எண் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு ஒளி சிதறும். குவாஷ் ஈரமாக இருக்கும்போது துகள்களைச் சுற்றி நீர் இருக்கிறது. நீர் ஆவியானதும் அந்த இடைவெளிகளில் காற்று புகுகிறது. காற்றின் எண் 1. வேறுபாடு பெருகுகிறது, சிதறல் பெருகுகிறது, அடர்ந்த நிறம் வெளிறித் தெரிகிறது. நனைந்த கல் கருமையாகவும் காய்ந்த கல் வெளுப்பாகவும் தெரிவதும் இதே காரணத்தால்தான். அடர்நிறக் குவாஷைக் கலக்கும்போது வேண்டியதைவிட ஒரு படி கூடுதலாகவே அடர்த்தி வைக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். வெளிர்நிறக் கலவைகள் நேர்மாறாக, காயும்போது சற்று மங்குவதும் உண்டு. என் வெயில்சுவர் 2இலிருந்து 3க்கு இறங்கியதில் அதற்கும் பங்கிருந்தது.

நீலச்சாயல் இன்னொரு செய்தி. இருண்ட பரப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தால், நுண்துகள்கள் சிவப்பைவிட நீலத்தை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. பின்னால் இருள் இருப்பதால் அந்த நீலம் தனித்துத் தெரிகிறது. மெல்லிய புகை இருண்ட மரங்களுக்கு முன்னால் நீலமாகவும், வெளிச்சமான வானத்துக்கு முன்னால் பழுப்பாகவும் தெரிவதை யாரும் பார்த்திருக்கலாம். நான் நிழற்சுவர் முழுவதும் புகை பூசியிருந்தேன் என்று சொன்னால் அது உவமை ஆகாது, நடந்ததே அதுதான்.

மேல்வாஷ் சேறானதற்குக் காரணம் இன்னும் எளியது. வேலமரப் பிசின் காய்ந்தாலும் நீரில் மீண்டும் கரையும். அடர்த்தியாகப் படிந்த குவாஷின் மேல் நீர் மிகுந்த வாஷை ஓட்டினால் கீழடுக்கு எழுந்து வரத்தான் செய்யும். காய்ந்தபின் நீரில் கரையாத அக்ரிலிக்கில் பழகிய கை இதை எளிதில் மறந்துவிடுகிறது.

இந்த இடத்தில் வரலாற்றில் ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை சேர்ப்பதே குற்றம் என்ற கருத்து இன்றும் உண்டு. 1804இல் லண்டனில் நீர்வண்ண ஓவியர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிய அந்த நூற்றாண்டில் இந்த வாதம் கடுமையாகவே நடந்தது. வெறும் பிடிவாதம் என்று அதைத் தள்ள முடியாது. அதுவரை கிடைத்த ஈய வெள்ளை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து கறுத்துவிடும்; வெள்ளை வைத்த இடமே கரும்புள்ளியாகிவிடும். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1834இல் சைனீஸ் வைட் என்ற பெயரில் துத்தநாக வெள்ளையை நீர்வண்ணமாகக் கொண்டுவந்த பிறகே அந்த அச்சம் நீங்கியது. ஆனால் அதற்கும் மூன்று நூற்றாண்டுகள் முன்பே ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் இரண்டையும் ஒரே தாளில் தயக்கமின்றிச் சேர்த்திருந்தார். 1502இல் அவர் தீட்டிய முயலில், ஒளிபுகும் பழுப்பு வாஷின் மேல் ஒளி பட்ட மயிர்கள் ஒளிபுகா வெள்ளையால் தனித்தனிக் கோடுகளாக எழுகின்றன. ஒளிபுகா வண்ணம் ஒளி விழுந்த இடத்தில், மெல்லிய கோடாக, அடியிலுள்ள வாஷ் தெரியும்படி இடைவெளி விட்டு வந்திருக்கிறது. அந்தப் படத்தின் பிரதியை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, என் நிழற்சுவரில் நான் செய்தது அதற்கு நேரெதிரானது என்பது விளங்கியது.

சோதனைத் தாள்

இரண்டாவது ஓவியத்துக்கு முன் அதே வகைத் தாளின் ஒரு துண்டில் நிழற்சுவரின் சாம்பலைப் பட்டையாகப் பூசி, முழுமையாகக் காயவிட்டு, அதன்மேல் ஒரே குவாஷ் கலவையை நான்கு பதங்களில் வைத்துப் பார்த்தேன். தேநீர் போல நீர்த்தது கீழே உள்ளதைக் கலைக்கவில்லை, ஆனால் நீலப் படலமாகக் காய்ந்தது. பால் பதம் எல்லாவற்றிலும் மோசமானது: மூடவும் இல்லை, கீழடுக்கைக் கரைக்கவும் செய்தது. கெட்டியான பாலேடு பதத்தில், ஒரே தீற்றலில் வைத்து மீண்டும் தொடாமல் விட்டது சுத்தமாக நின்றது. வெண்ணெய் பதத்தில் தடித்து வைத்தது மூடியது. தாளைச் சற்று வளைத்ததும் வெடிப்பு விட்டது. நான் முதல் ஓவியத்தில் தேர்ந்தெடுத்தது அந்தப் பால் பதம்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பதையும் அந்தத் துண்டிலேயே உறுதிசெய்துகொண்டேன். புறங்கையைத் தாளின் மேல் மெல்ல வைத்தால், குளிர்ச்சி தெரியும்வரை உள்ளே ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பளபளப்பு போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்தக் குளிர்ச்சி இருக்கும். வெள்ளைகளில், மூட வேண்டிய இடத்துக்கு டைட்டானியம் ஏற்றது. துத்தநாக வெள்ளையின் மூடும் வலிமை குறைவு என்பதால் இன்னொரு நிறத்தை மெல்ல வெளிறச் செய்ய மட்டும் அது பொருந்தியது. எந்த வெள்ளையைக் கலந்தாலும் நிறம் குளிர்ந்துவிடுகிறது. வெயில்பட்ட காரைக்கான வெள்ளையில் ஆக்கரும் கடுகளவு லைட் ரெட்டும் சேர்த்த பிறகே அது வெயிலாகத் தெரிந்தது.

இரண்டாவது ஓவியம்

இம்முறை கோட்டோவியத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, அதில் மூன்று வகை எல்லைகளைக் குறித்தேன். முதல் வகை, தாளின் வெண்மையோ மிக மெல்லிய வாஷோ மட்டும் இருக்க வேண்டிய இடம்: வெயில்பட்ட காரைச் சுவரின் பெரும்பகுதி. இரண்டாம் வகை, எக்காரணம் கொண்டும் வெள்ளை கலவாத, ஒளிபுகும் வண்ணம் மட்டுமே வர வேண்டிய இடம்: பக்கச் சுவர், இறவாரத்தின் அடி, கதவிடுக்கு, வானம். மூன்றாம் வகை, குவாஷுக்கு அனுமதியுள்ள இடம்: வெயில் நேரே படும் ஓட்டு விளிம்புகள், பெயர்ந்த காரையின் தடித்த ஓரம், இருட்டுக்கு முன்னால் நிற்கும் புல், வெயிலில் நிற்கும் கொடியிலைகள். வெயில் நேரே படாத எதிலும் குவாஷ் இல்லை என்பதே விதி. அந்தத் தாளை ஓவியப் பலகைக்கு அருகிலேயே ஒட்டி வைத்தேன், ஏனெனில் மனத்தில் மட்டும் இருக்கும் விதி ஒரு காலிஃபிளவர் கறையைப் பார்த்ததும் மறந்துபோகும்.

பக்கச் சுவரே முதலில். பலகையை மேல்பக்கம் சற்று உயர்த்தி வைத்து, இறவாரத்துக்குக் கீழிருந்து வாஷைத் தொடங்கினேன். நிழலில் உள்ள சுவர் ஒரே சாம்பல் அல்ல. நேர்வெயில் இல்லாத இடத்துக்கு வானமும் தரையும்தான் விளக்குகள். திறந்த வானம் நோக்கிய பகுதிகளில் நீலம் ஓங்கியது. தரையை நெருங்கும் இடத்தில் வெயில்பட்ட மண்ணிலிருந்து எழுந்த வெம்மை சுவரில் ஏறியது. இறவாரத்தின் அடிப்பக்கம் தரையை நேரே பார்ப்பதால் அங்கே வியக்கத்தக்க அளவுக்குச் செம்மஞ்சள் இருந்தது. இந்த மாற்றங்களை ஈரம் காய்வதற்குள், கலவையில் சியன்னாவையும் ஆக்கரையும் கூட்டிக்கொண்டே கீழே இறங்கி, ஒரே மூச்சில் முடித்தேன். அதன்பின் அதைத் தொடவில்லை. அல்ட்ராமரைனின் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு தாளின் குழிகளில் குருணைகளாகப் படியும் இயல்புடையவை. காய்ந்தபோது சுவரில் கல்லின் சொரசொரப்பு தானே வந்திருந்தது. முதல் ஓவியத்தில் இதே குருணைகளைத்தான் நான் வெள்ளை பூசி மூடியிருந்தேன்.

கூரைக்கு லைட் ரெட்டும் சியன்னாவும் ஈரத்தில் ஈரமாகக் கலந்து, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் பாசி தங்கியிருந்ததால் அங்கங்கே ஆக்கரும் அல்ட்ராமரைனும் சேர்ந்த பச்சையைச் சொட்டவிட்டேன். எல்லா ஓடுகளையும் வரையவில்லை. தொய்வின் வளைவைச் சொல்லும் ஐந்தாறு வரிசைகளுக்கு மட்டும் கீழ்விளிம்பில் நிழல் கொடுத்தேன். பலகைகளில் மேலே பழுப்பு, கீழே சாம்பல். ஏறக்குறைய நீரற்ற உலர்தூரிகையை மேலிருந்து கீழாக இழுத்ததில் இழைகள் கிடைத்தன. கதவிடுக்கின் இருளை அல்ட்ராமரைன், சியன்னா இரண்டையும் மிக அடர்த்தியாகக் கலந்து இரண்டு முறை பூசினேன். குழாயில் வரும் கறுப்பைவிட இதற்கு ஆழம் அதிகம், ஏனெனில் நெருங்கிப் பார்க்கும்போது அதில் இன்னும் நீலமும் சிவப்பும் பிரிந்து தெரியும்.

எல்லாம் முழுமையாகக் காய்ந்து, புறங்கையில் குளிர்ச்சி தெரியாத நிலை வந்த பிறகே குவாஷைத் திறந்தேன். பாலேடு பதத்தில் வெள்ளையும் ஆக்கரும் கலந்து, தட்டைத் தூரிகையின் ஓரத்தால், வெயில் பக்கத்து ஓடுகளின் விளிம்பில் விட்டுவிட்டுத் தொட்டேன். காரை பெயர்ந்த இடங்களில் அதன் தடிப்பு தெரிய, ஒளி வரும் இடப்புற விளிம்பில் ஒரு வெளிர்க் கோடும், அதற்கு எதிர்ப்புறத்தில் நீர்வண்ணத்தால் ஒரு நிழற்கோடும் போதுமானவையாக இருந்தன. புல்லுக்கு நீண்ட மயிருடைய ரிக்கர் தூரிகை. இருண்ட கதவிடுக்குக்கு முன்னால் வெளிர் ஆக்கரில் அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பில் வைத்த பத்துப் பன்னிரண்டு இழைகள்தான் ஓவியத்தின் மிக உயிருள்ள இடம் என்று இப்போதும் நினைக்கிறேன். நீர்வண்ணத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு இழையையும் சுற்றி இருட்டைப் பூச வேண்டும், அல்லது மறைப்புத் திரவம் வைத்து உரிக்க வேண்டும்; இரண்டிலும் கோட்டின் விசை செத்துவிடுகிறது. குவாஷின் நியாயமான இடம் இதுவே.

விதியை ஓரிடத்தில் அறிந்தே மீறினேன். களஞ்சியத்தின் கூரையில் ஓடு விலகிய ஒரு துளை வழியே உள்ளே வெயில் விழுந்து, கதவிடுக்கின் இருளில் தூசி மிதக்கும் ஒரு சாய்ந்த ஒளிக்கற்றையாகத் தெரிந்தது. அதற்கு, தேநீர் பதத்தில் நீர்த்த துத்தநாக வெள்ளையைத் தட்டைத் தூரிகையால் ஒரே முறை சாய்வாக இழுத்தேன். அது நீலப் படலமாகக் காய்ந்தது. தூசியின் மேல் பட்ட ஒளியும் இருளில் சற்று நீலம் பாய்ந்ததாகவே எனக்குத் தெரிந்தது. இரண்டிலும் இருளுக்கு முன்னால் ஒளியைச் சிதறடிப்பவை துகள்களே. முதல் ஓவியத்தின் சுவரைக் கெடுத்த அதே படலம் இங்கே பொருளோடு பொருந்தி நின்றது.

மதிப்பீடு

கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த முறை முகப்பு 2, பக்கச் சுவர் 6. குவாஷ் பட்ட பரப்பு தாளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் குறைகள் உண்டு. கொடியிலைகளை வெயிலில் நிற்பவை என்பதற்காக எல்லாவற்றையும் குவாஷில் வைத்தேன். அவை ஒரே தடிப்பிலும் ஒரே நிறத்திலும் இருப்பதால் சுவரின் மேல் ஒட்டிய தாள் துண்டுகள் போலத் தெரிகின்றன. பாதி இலைகளை நீர்வண்ணத்திலேயே விட்டு, முன்னால் வருபவற்றை மட்டும் குவாஷில் எழுப்பியிருக்க வேண்டும். இடது கீழ் மூலையில் புல் இழைகள் மிகுந்துவிட்டன. அவற்றை ஈரத்தூரிகையால் எடுக்கப் போனதில் ஒரு வெளிறிய திட்டு தங்கிவிட்டது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் குவாஷ் பட்ட இடங்கள் மட்டும் மங்கலான தனிப் பரப்பாகத் தெரிகின்றன. வார்னிஷ் பூசினால் துகள்களுக்கு இடையே உள்ள காற்று மீண்டும் வெளியேறி நிறங்கள் அடர்ந்துவிடும் என்பதால் அதைச் செய்யவில்லை. அட்டைச் சட்டம் வைத்து, கண்ணாடி வண்ணத்தைத் தொடாமல் இடைவெளி விட்டுச் சட்டமிட்டதில் அந்த வேறுபாடு பெரிதும் அடங்கியது.

முதல் ஓவியத்தை எறியவில்லை. பிசின் மீண்டும் கரையும் என்பதால், ஒரு மாலை அதன் பக்கச் சுவரை மட்டும் சுத்தமான நீரால் நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையாலும் உறிஞ்சு தாளாலும் குவாஷை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையின் எச்சம் தாளின் குழிகளில் மெல்லிய மங்கலாகத் தங்கிவிட்டது. அடியிலிருந்த சாம்பலிலும் ஒரு பகுதி அதோடு போயிற்று. காலிஃபிளவர் கறையின் ஓரத்தில் மட்டும் நிறமி அடர்ந்து படிந்திருந்ததால் அது போகவில்லை. சன்னலுக்குக் கீழே, சுவர் ஈரம் குடித்த இடம் எப்படி இருக்குமோ அப்படியே அது இருந்தது.